4.7 கோட்டின் விளிம்பில் நிற்பவர்களிடமிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: வீட்டுக்கே ஆள் அனுப்பி அழகுச் சேவை தரும் செயலி நிறுவனத்தின் நிர்வாகத்தினர்

அனுப்புநர்: அந்தச் செயலியில் ஆறு வருடமாக வேலை பார்க்கும் ஒரு பியூட்டிஷியன், சென்னை

போன வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு, இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது உங்கள் அறிவிப்பு வந்தது. வரும் முதல் தேதியிலிருந்து ரேட்டிங் 4.7-க்குக் கீழே இருப்பவர்களின் ஐடி தானாகவே நிறுத்தப்படும். மறுபயிற்சிக்குப் பணம் கட்டி, தேர்வில் தேறினால்தான் மறுபடி திறக்கும் என்று இருந்தது. இதுவரை அந்தக் கோடு 4.5-இல் இருந்தது. ஏன் உயர்த்தினீர்கள் என்று ஒரு வரி கூட இல்லை. கீழே ‘சரி’ என்ற பொத்தான் மட்டும் இருந்தது. அதை அழுத்தாமல் அன்றைய புக்கிங்கைப் பார்க்க முடியாது. அழுத்தினேன். அது என் சம்மதம் இல்லை என்பதை முதலில் பதிவு செய்கிறேன்.

இன்றைக்கு என் ரேட்டிங் 4.72.

உங்கள் நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. வண்டி ஓட்டுகிறவர்கள், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள் யார் இதைப் படித்தாலும் தங்கள் கதை என்றுதான் சொல்வார்கள். ஆனால் அறிவிப்பை அனுப்பியது நீங்கள். படித்தால் உங்களுக்குத் தெரியும்.

அன்று இரவு என் மகள் தன் போனில் ஒரு படம் போட்டுக் காட்டினாள். பி.காம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். “அம்மா, நீ காலையில சொன்னியே, அதுதான் இது” என்றாள். ‘பிளாக் மிரர்’ என்ற தொடரில் ஒரு பகுதி. அந்தத் தொடரில் பெரும்பாலும் ஒவ்வொரு பகுதியும் தனிக் கதையாம். இந்தப் பகுதியின் பெயர் ‘நோஸ்டைவ்’. தலைகுப்புற விழுவது என்று மகள் பொருள் சொன்னாள். 2016 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஆங்கிலம் வேகமாகப் போனதால் அவள் நடுநடுவே நிறுத்தி எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். அடுப்படியில் பாத்திரத்தைக் கழுவாமல் போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முழுவதும் பார்த்தோம். உங்களில் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் எப்படிப் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அந்தக் கதையில் எல்லோர் கையிலும் போன். காபி வாங்கினாலும், லிஃப்டில் பார்த்துச் சிரித்தாலும், வழியில் ஒருவரை இடித்துவிட்டாலும் உடனே ஒருவருக்கொருவர் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறார்கள். யாரைப் பார்த்தாலும் அவருடைய எண் கண்ணுக்குத் தெரிகிறது. லேஸி என்ற பெண்ணுக்கு 4.2. அவள் ஆசைப்படும் வீட்டின் வாடகையில் சலுகை கிடைக்க 4.5 வேண்டும். அந்த மூன்று தசமப் புள்ளிக்காக அவள் படும் பாடுதான் கதை. பிரைஸ் டல்லஸ் ஹோவர்ட் என்ற நடிகை அதைச் செய்திருக்கிறார். ஆரம்பத்தில் அவர் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துச் சிரித்துப் பழகுகிற இடம் வந்ததும் மகள் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். உங்கள் பயிற்சி வகுப்பில் எங்களையும் கண்ணாடி முன்னால் நிற்க வைத்ததை அவளிடம் நான் எப்போதோ சொல்லியிருக்கிறேன். “பல் தெரிய வேணாம், கண்ணு சிரிக்கணும்” என்று சொல்லிக்கொடுத்தார்கள். கிளம்பும்போது சொல்ல வேண்டிய வரியையும் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள்: “இன்னிக்கு சர்வீஸ் பிடிச்சிருந்ததா மேடம்? அஞ்சு ஸ்டார் போட்டீங்கன்னா எனக்கு ரொம்ப உதவியா இருக்கும்.” ஆறு வருடமாக ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை அதைச் சொல்கிறேன்.

படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் லேஸியைப் பற்றித்தான் பேசுகிறார்களாம். எனக்கு மனதில் நின்றவர் செஸ்டர். அவர் வருவது இரண்டே இடத்தில்தான். லேஸியோடு அதே அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். கூட வாழ்ந்தவரோடு பிரிவு. அலுவலகத்தில் எல்லோரும் அந்த இன்னொருவர் பக்கம் சேர்ந்துகொண்டதால் இவருடைய எண் 3.1-க்கு வந்துவிட்டது. அதை ஏற்றிக்கொள்ள, தட்டில் பழச்சாறு வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போய் நீட்டுகிறார். லேஸி பாவப்பட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஐந்து ஸ்டார் போடுகிறாள். உடனே மற்றவர்கள் அவளைத் தண்டிக்கிறார்கள். அடுத்த முறை நாம் பார்க்கும்போது செஸ்டர் அலுவலகத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறார். எண் 2.4. உள்ளே வர 2.5 வேண்டும். கதவு திறக்கவில்லை. உள்ளே இருக்கும் லேஸியிடம் கெஞ்சுகிறார். அவள் போய்விடுகிறாள். அவ்வளவுதான், பிறகு அவர் படத்தில் இல்லை.

அந்தக் கண்ணாடிக் கதவை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உங்கள் பயிற்சி மையத்தின் வாசலில்.

என் தோழி ஒருவர், என்னோடு ஒரே வாரத்தில் பயிற்சி எடுத்தவர், என்னைவிட நன்றாகக் கை ஓடுபவர். த்ரெட்டிங்கில் அவர் நூல் பிடிக்கும் அழகை நின்று பார்க்கலாம். சென்ற ஆண்டு அவருடைய மாமியார் இறந்தார். காரியம் முடியும்வரை ஊரில் இருக்க வேண்டியிருந்ததால், ஏற்கெனவே எடுத்திருந்த மூன்று புக்கிங்கை ரத்து செய்தார். திரும்பி வந்து செயலியைத் திறந்தபோது திரை சாம்பல் நிறத்தில் இருந்தது. ஐடி நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி. உதவி எண்ணுக்குப் போட்டால் பதிவு செய்த குரல். சாட்டில் எழுதினால் “உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது”. பதினோரு நாள் பார்த்துவிட்டு மையத்துக்கே போகலாம் என்று நானும் துணைக்குப் போனேன். வாசலில் இருந்த காவலர் ஐடியைக் காட்டச் சொன்னார். “அந்த ஐடி பிளாக் ஆனதாலதான் அண்ணா வந்திருக்கோம்” என்றோம். “ஐடி ஆக்டிவா இல்லன்னா உள்ள விடக் கூடாதும்மா, எனக்கு அப்படித்தான் சொல்லியிருக்காங்க” என்றார். அவர் மேல் தவறில்லை. இறப்புச் சான்றிதழை மடித்து பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்திருந்தார் என் தோழி. கண்ணாடி வழியாக உள்ளே புதிதாகச் சேர்ந்த பெண்கள் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருந்தது தெரிந்தது. கவரைப் பிரிக்காமலே ஆட்டோ ஏறினோம். அவர் இப்போது ஒரு துணிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்.

“ரேட்டிங் போடுவது வாடிக்கையாளர், நாங்கள் இல்லை” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறீர்கள். ஸ்டாரை அவர்கள் போடுகிறார்கள், சரி. 4.7 என்ற கோட்டைப் போட்டது யார்? எந்த வாடிக்கையாளராவது உங்களிடம் வந்து, “நான் நான்கு ஸ்டார் போட்டால் அந்தப் பெண்ணின் பிழைப்பை நிறுத்திவிடுங்கள்” என்று கேட்டாரா?

நான்கு ஸ்டார் போடுகிறவர்கள் எங்களைப் பாராட்டித்தான் போடுகிறார்கள். நம் ஊரில் நூற்றுக்கு எண்பது வாங்கினால் நல்ல மார்க். போன மாதம் ஒரு அம்மா, வயது எழுபது இருக்கும், கால் மசாஜ் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன் கை ரொம்ப மென்மைம்மா” என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு என் எதிரிலேயே நான்கு ஸ்டாரைத் தொட்டார். “ஃபுல்லா போட்டா பொய்யா இருக்கும், அடுத்த தடவை அஞ்சு” என்று சிரித்தார். அவருக்கு நான் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் போட்ட அந்த நான்கு என்னைக் கோட்டை நோக்கி இழுத்தது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால் அழுதுவிடுவார்.

கணக்கையும் சொல்கிறேன், மகளோடு உட்கார்ந்து போட்டது. எங்களுடைய கடைசி 50 வேலைகளின் சராசரியைத்தான் எடுக்கிறீர்கள். 4.8 வைத்திருக்கும் ஒருவருக்கு மொத்தம் 240 ஸ்டார். இதில் இரண்டு பேர், இரண்டே பேர், ஐந்துக்குப் பதில் ஒன்று போட்டால் 232 ஆகிறது. சராசரி 4.64. கதவு மூடிவிடும். மீதி 48 பேர் சொன்னது எதுவும் அங்கே நிற்காது. பழைய 4.5 கோட்டில் அப்படி நான்கு பேர் கோபப்பட வேண்டும். உங்களுக்கு இது இரண்டு தசமப் புள்ளி.

அந்த இரண்டு பேர் எதற்குக் கோபப்படுகிறார்கள் என்று ஒருமுறையாவது பார்த்தீர்களா? ஓ.எம்.ஆர் பக்கம் ஒரு அடுக்குமாடி. சர்வீஸ் லிஃப்ட் பழுது. இன்னொரு லிஃப்டில் வேலைக்கு வருகிறவர்கள் ஏறக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தின் விதி. மடிப்புக் கட்டில், வாக்ஸ் ஹீட்டர், துண்டுகள், டப்பாக்கள் எல்லாம் சேர்ந்து பதினான்கு கிலோவுக்கு மேல் வரும் பையோடு ஒன்பது மாடி ஏறினேன். ஐந்தாவது மாடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது செயலியில் ‘தாமதம்’ என்று சிவப்பு எழுத்து வந்தது. மேலே போனதும் அந்தப் பெண் தண்ணீர் கொடுத்து, “பரவாயில்லக்கா, மெதுவா ஆரம்பிங்க” என்றார். இரவு பார்த்தால் இரண்டு ஸ்டார். காரணம்: நேரத்துக்கு வரவில்லை. அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். காரணத்தைத் தேர்ந்தெடுக்க நீங்கள் கொடுத்த பட்டியலில் லிஃப்ட் இல்லை.

இன்னொருவர் ஒரு ஸ்டார் போட்டுவிட்டு என்னிடமே சொன்னார்: “உங்க மேல கோபம் இல்ல, போன மாசத்தைவிட இருநூறு ரூபா ஏத்திட்டாங்க, கம்பெனிக்குத் தெரியட்டும்னு போட்டேன்.” விலையை ஏற்றியது நீங்கள். அந்த ஒரு ஸ்டார் விழுந்தது என் கணக்கில்.

படத்தில் தோழியின் கல்யாணத்துக்குப் போகும் லேஸிக்கு லாரி ஓட்டுகிற சூசன் என்ற அம்மா வழியில் உதவுகிறார். அவருடைய எண் 1.4. ஒரு காலத்தில் அவரும் 4.6-இல் இருந்தவர்தான். கணவருக்குப் புற்றுநோய். அவருக்கு 4.3. சிகிச்சைக்கான இடம் 4.4 வைத்திருந்த இன்னொருவருக்குப் போய்விட்டது. கணவர் இறந்த பிறகு சூசன் எண்ணைப் பற்றிய கவலையை விட்டுவிட்டார். இந்த இடத்தில் மகள் படத்தை நிறுத்தவில்லை. எனக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஒரு தசமப் புள்ளிதான். அதை எழுதியவர்கள் எங்கேயோ இருக்கிறவர்கள். எங்கள் திரையில் இருக்கும் 4.68-ஐப் பார்த்திருக்க மாட்டார்கள். இருந்தும் அந்தப் புள்ளி எவ்வளவு கனமாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் படத்துக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே எல்லோரும் எல்லோருக்கும் போடுகிறார்கள். லேஸிக்கு ஒருவன் குறைத்துப் போட்டால் அவளும் அவனுக்குக் குறைத்துப் போடலாம். எங்களுக்கு அந்த வழி கூட இல்லை. வாக்ஸ் செய்யும்போது கதவுக்கு வெளியே வீட்டு ஆண் நின்றுகொண்டிருந்தார் என்று ஒருமுறை புகார் எழுதினேன். “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று பதில் வந்தது. அடுத்த மாதம் அதே வீட்டு புக்கிங் எனக்கே வந்தது. ரத்து செய்தால் என் எண் குறையும். போனேன். அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

படத்தின் முடிவோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. அந்தக் கல்யாணத்தில் ரகளை செய்த லேஸியைச் சிறையில் போடுகிறார்கள். எண்ணைக் காட்டுவதற்காகக் கண்ணில் இருந்த கருவியை எடுத்துவிடுகிறார்கள். எதிர் அறையில் இருக்கும் ஆளோடு அவள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்கிறாள், இருவர் முகத்திலும் சந்தோஷம். அதுதான் விடுதலை என்று படம் சொல்கிறது. மகளுக்கு அது பிடித்திருந்தது. எனக்குப் போதவில்லை. ஐந்தாம் தேதி வாடகை, பத்தாம் தேதி சீட்டுப் பணம், ஜூனில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியவளுக்குத் திட்டித் தீர்ப்பது விடுதலை ஆகாது. எனக்கு வேலை வேண்டும். இந்த வேலை எனக்குப் பிடித்த வேலை. கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு பெண்ணின் முகத்தைத் துடைத்து, கண்ணாடியைக் காட்டும்போது அவள் தன்னையே பார்த்து ஒரு நொடி பேசாமல் இருப்பாள். அதற்காகவே இன்னும் பத்து வருடம் இந்தப் பையைத் தூக்குவேன்.

படம் முழுக்க ஒரு விஷயத்தைத் தேடினேன். அந்த எண் முறையை யார் நடத்துகிறார்கள், கோட்டை யார் போட்டார்கள் என்று கடைசி வரை காட்டவே இல்லை. விமான நிலையத்தில் இருக்கை கொடுக்காத பெண்ணுக்கும் அதிகாரம் இல்லை. முறை அனுமதிக்கவில்லை என்கிறாள். அதனால் லேஸிக்குக் கோபத்தைக் கொட்ட ஆள் கிடைக்கவில்லை, கண்டவர்கள் மேல் கொட்டுகிறாள். என் நிலை அப்படி இல்லை. கோட்டைப் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த மடல்.

இன்னொன்றும் தெரியும். உங்கள் செயலி பெங்களூரிலும் ஓடுகிறது. செயலி வழியாக வேலை செய்கிறவர்களுக்காகக் கர்நாடகம் 2025-இல் ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. ஒருவரை நீக்குவதற்கு முன் எழுத்தில் காரணம் சொல்லி 14 நாள் அவகாசம் தர வேண்டும் என்றும், தானியங்கி முறைகள் எங்களைப் பற்றி எப்படி முடிவெடுக்கின்றன என்பதை எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் எங்களைப் போன்றவர்களுக்கு நல வாரியம் அமைந்தது. அதில் நானும் பதிந்திருக்கிறேன். ஆனால் ஐடி பூட்டப்பட்டால் ஏன் என்று கேட்பதற்கு இங்கே இன்னும் அப்படி ஒரு சட்டம் இல்லை. அங்கே 14 நாள் கொடுக்க முடிகிற உங்களால் இங்கே ஏன் முடியாது? சட்டம் வந்து சொன்னால்தான் கொடுப்பீர்களா?

நாங்கள் கேட்பது இவை.

4.7 அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். வாடிக்கையாளரின் ஸ்டார் எங்களுக்கு வேண்டும், அதைப் பார்த்து நாங்கள் திருத்திக்கொள்கிறோம். ஆனால் அந்த எண் தானாகவே ஒருவருடைய ஐடியைப் பூட்டக் கூடாது. பூட்டியே ஆக வேண்டும் என்றால், அதற்கு முன் எழுத்தில் காரணமும் 14 நாள் அவகாசமும் கொடுங்கள். அந்த 14 நாளும் வேலை ஓட வேண்டும். எங்கள் பக்கத்தைக் கேட்க ஒரு மனிதரை உட்கார வையுங்கள். தமிழ் தெரிந்தவராக, முடிவை மாற்றும் அதிகாரம் உள்ளவராக, ஐடி பூட்டப்பட்டவர்களும் உள்ளே வந்து பார்க்கக்கூடிய அறையில்.

விலை, கிரீமின் தரம், லிஃப்ட், மழை என்று எங்கள் கையில் இல்லாத காரணத்துக்காக விழுந்த ஸ்டார்களைச் சராசரியில் சேர்க்காதீர்கள். காரணப் பட்டியலை எங்களில் பத்துப் பேரை உட்கார வைத்துத் திருத்துங்கள். வீட்டில் இறப்பு, பிரசவம், உடம்பு முடியாமல் போவது ஆகியவற்றுக்காக ரத்தான புக்கிங்குக்குத் தண்டனை கூடாது. பாதுகாப்பு இல்லை என்று நாங்கள் எழுதிக் கொடுத்த வீட்டுக்கு எங்களையே மறுபடி அனுப்பக் கூடாது. மறுத்தால் எண் குறையக் கூடாது. மறுபயிற்சிக்கு எங்களிடம் பணம் வாங்குவதை நிறுத்துங்கள்.

சென்ற ஓர் ஆண்டில் இப்படி நிறுத்தப்பட்ட எல்லோருடைய ஐடியையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். என் தோழியின் இறப்புச் சான்றிதழ் இன்னும் அதே பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது. அவரிடமிருந்து தொடங்குங்கள்.

பதிலை எழுத்தில், தமிழில், முதல் தேதிக்கு முன்னால் எதிர்பார்க்கிறோம். செயலியில் ‘சரி’ பொத்தானோடு அனுப்ப வேண்டாம்.